சதுக்கத்தில் நிற்கும் சிப்பாய்



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சிற்றூர். மேக்கன் கவுண்டியின் தலைநகர். ஊர் நடுவே சதுக்கம், அதை ஒட்டி நீதிமன்றம். சதுக்கத்தின் நடுவில், உயர்ந்த பீடத்தின் மேல் ஒரு சிப்பாய் சிலையை நிறுத்தினார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைவீரன் அவன். ஊரிலோ பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். வழக்கு என்றாலும், வாக்காளர் பதிவு என்றாலும் அவர்கள் அவன் காலடியைக் கடந்துதான் போக வேண்டும்.

செத்தவர்களுக்கு அழுவதற்கு வைத்த சிலை என்பார்கள். அழுகைக்கு இடம் கல்லறைத் தோட்டம். நீதிமன்ற வாசலில் ஏன் நிறுத்த வேண்டும்? காலத்தைப் பார்த்தால் விடை தெரியும். தென்மாநிலங்களின் ஊர்ச் சதுக்கங்களில் நிற்கும் இத்தகைய சிலைகளில் பெரும்பாலானவை போர் முடிந்த கையோடு வைத்தவை அல்ல. 1890களுக்குப் பிறகு எழுந்தவை. போருக்குப் பின் சில ஆண்டுகள் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றங்களில் உட்கார்ந்தார்கள். அதைப் பறித்து முடித்த காலம் இது. அலபாமா 1901இல் புதிய அரசியல் சட்டம் எழுதி, எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று வாக்குரிமைக்குப் பூட்டுப் போட்டது. பூட்டின் மேல் வைத்த அரக்கு முத்திரைதான் சிலை.

டஸ்கீகியில் அந்த முத்திரைக்குப் பத்திரமே இருக்கிறது. 1906இல் சதுக்கத்து நிலத்தை கவுண்டி நிர்வாகம், தெற்குப் படைவீரர் குடும்பத்துப் பெண்களின் சங்கமான ‘யுனைட்டட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரசி’க்கு எழுதிக் கொடுத்தது. நினைவுச் சின்னத்துக்கும், வெள்ளையருக்கான பூங்காவுக்கும். பொதுக் குளம், பொதுச் சாவடி, பொது மந்தை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ‘பொது’ என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததா என்பதுதானே நம் நூறாண்டு வழக்கு? அவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். நம் ஊரில் எழுதாமலே நடந்தது. எழுதாததை எதிர்த்து வழக்குப் போடுவது இன்னும் கடினம்.

1957இல் இன்னொரு வேலை செய்தார்கள். கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை கூடுகிறது என்றதும், சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கம் கொண்ட கோணல் உருவமாக மாற்றி மாநில அரசு சட்டம் போட்டது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் ஒரே நாளில் ஊருக்கு வெளியே. ஒரு வெள்ளையர்கூட வெளியேறவில்லை. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் சார்லஸ் கோமிலியன், சமூகவியல் பேராசிரியர் (சமூகவியல் படித்தவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்). 1960இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

சாமி யங் என்ற மாணவரின் கதையை நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும். வயது 21. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். 1966 ஜனவரி 3 அன்று, கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்தார். அன்றிரவு ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறையைப் பயன்படுத்தக் கேட்டார். தகராறு முற்றியது. அங்கிருந்த வெள்ளை ஊழியர் சுட்டுக் கொன்றார். வழக்கு பக்கத்து ஊருக்கு மாற்றப்பட்டது. டிசம்பரில் முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, குற்றவாளி இல்லை என்றது.

தீர்ப்பு வந்த இரவு மாணவர்கள் நேராகச் சதுக்கத்துக்குத்தான் போனார்கள். சிப்பாயின் முகத்தில் கறுப்புப் பெயிண்ட் பூசினார்கள். முதுகில் மஞ்சள் கோடு இழுத்தார்கள். அங்கே மஞ்சள் கோழையின் நிறம். தீர்ப்பைச் சொன்னது ஜூரிதான் என்றாலும், அறுபது ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டு நின்றது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாட்டுக்காகச் சீருடை அணிந்தவன் செத்துக் கிடக்க, நாட்டை எதிர்த்துப் போரிட்டவன் பீடத்தில் நின்றான்.

ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் 1989இல் மனுவுக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு எழ, அகற்றலாம் என்று அதே ஆண்டு நீதிபதிகளே கூடி முடிவெடுத்தார்கள். ஒரு மனு போடப்பட்டது, தடை வந்தது. மனுவைக் காக்க மனு. 2018 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலிருந்து போன இரண்டு பெண்கள் அந்தச் சிலையில் கறுப்பு பெயிண்ட் பூசிக் கைதானார்கள். டஸ்கீகி மாணவர்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. நம் ஊர்களில் அண்ணலின் சிலைதான் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது என்பதையும் இங்கே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டஸ்கீகி 1972இல் ஜானி ஃபோர்டு என்ற கறுப்பினத்தவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அதிகாரம் வந்தது; சதுக்கம் வரவில்லை. பத்திரம் அவர்கள் பெயரில் இருந்தது. போதாததற்கு, பொது இடங்களில் 40 ஆண்டு கடந்த நினைவுச் சின்னங்களை அகற்றினால் 25,000 டாலர் அபராதம் என்று 2017இல் அலபாமா சட்டம் போட்டது. 2021 ஜூலையில், அப்போது நகர மன்ற உறுப்பினராக இருந்த அதே ஃபோர்டு, ரம்பத்தால் சிப்பாயின் காலை அறுக்கத் தொடங்கினார். ஷெரீப் வந்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகும் ஆட்கள் ஓயவில்லை. வெள்ளையருக்கு மட்டுமான பூங்கா என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் செல்லாது, நிலம் கவுண்டிக்கே திரும்ப வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே. கோமிலியனுக்காக அந்த 28 பக்கக் கோட்டை எதிர்த்து வாதாடியவரும் அவர்தான். இந்த வழக்கை எடுத்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது.