பாரம் சுமந்த சில்லுகள்

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியும் கொடிகாமத்திலிருந்து வரும் வீதியும் சந்திக்கும் இடம் நெல்லியடி. வடமராட்சியின் பெரிய சந்தைகளுள் ஒன்று அங்கே இருப்பதற்கு அதுவே காரணம். 1990 முதல் 1995 வரை அச்சந்தையை உயிரோடு வைத்திருந்தது துவிச்சக்கரவண்டி. பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு எந்த ரிம் நல்லது, எந்த ரயர் நல்லது என்பது இன்று நெடும்பயணம் போகும் ஆர்வலர்களின் விவாதம். அன்று அது அடுப்பில் உலை ஏறுமா என்பதோடு தொடர்புபட்ட கேள்வி.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் மறைந்தது, மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்கள் போக, மற்றெல்லாம் மனிதக் காலின் பலத்தில் நகர்ந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதும் அக்காலத்திலேதான். ரயரும் ரியூப்பும் பொன்போலாயின. ஆசியாவின் இறப்பர் வரலாற்றில் 1876 ஒரு முக்கிய ஆண்டு. பிரேசில் விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் அவ்வாண்டில்தான் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அந்த நாட்டின் வடமுனையில், 114 ஆண்டுகளின் பின், ஒரு சைக்கிள் ரயருக்காக ஊர் ஊராய் அலைந்தார்கள்.

நல்லகாலமாக, எங்களிடம் இருந்தவை பழைய ஆங்கிலேய வார்ப்பு வண்டிகள். றலி, ஹம்பர், ஹேர்க்கியூலிஸ் என்று பாட்டன் வாங்கி வைத்தவை, அவற்றின் வழியில் வந்த இந்திய வண்டிகள், பின்னாளில் லுமாலா. 28 அங்குல உருக்கு ரிம், ஒன்றரை அங்குல அகல ரயர். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. இந்தக் கணக்கை வகுத்தவன் விஷயம் தெரிந்தவன். ஓட்டுபவரின் எடையிலும் கரியர்ச் சுமையிலும் பெரும்பங்கு பின்சில்லில்தான் இறங்குகிறது. அதற்குமேல், பல்சக்கரம் ஒரு பக்கத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக இழுவையோடும் நிற்கும். பாரவண்டியில் கம்பி அறுவதானால் பெரும்பாலும் அங்கேதான் அறும், அதுவும் வளைந்த கழுத்தில். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையை ஏற்கும். கவனியாமல் ஓடினால் அவையும் போய், ரிம் நெளிந்து, சில்லு மட்காட்டில் உரசும்.

உருக்கு ரிம் பாரமானது. மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது, துருவும் ஏறும். ஆனால் குண்டுக்குழியில் விழுந்து நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். அலுமினிய ரிம் இலேசானது, அழகானது. வெடித்துவிட்டால் எறிய வேண்டியதுதான். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் எது சிறந்தது என்று எந்தப் பொறியியலாளரையும் கேட்கத் தேவையில்லை.

ரயர் தேய்ந்து நூல் தெரிந்தபின்னும் அதற்கு ஆயுள் இருந்தது. கிழிந்த இடத்தின் உட்புறத்தில் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்தார்கள். செத்த ரியூப்பை வெட்டி ஒட்டுப் போட்டார்கள். காற்றை இறுக்கமாக அடித்தால் நைந்த ரயர் வெடிக்கும். குறைத்து அடித்தால் பாரத்தில் ரிம் ரியூப்பை நெரித்து இரண்டு ஓட்டை போடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைப் பெருவிரலால் அழுத்தியே அறிந்தார்கள். சைக்கிள் கடைக்காரர்களின் அந்தக் கைப்பழக்கம் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை என்பது, கோடு போட்ட கொப்பித்தாளில்கூட நாளேடு அச்சடித்த ஊரைச் சேர்ந்த எனக்கு உறுத்தலான விடயம்.

வல்லை வெளியை அறிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. ஒதுங்க ஒரு மரமில்லாத அந்த வெளியில் எதிர்காற்று அடிக்கும்போது, வெங்காய மூட்டையோடு மிதிப்பதைவிட இறங்கி உருட்டுவதே மேல். ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்ட பின் கிளாலிக் கடல்நீரேரியே வன்னிக்கான வழியானது. இரவில், கடற்படையின் சூட்டுக்குப் பயந்து கடந்த அப்படகுகளில் ஆட்களோடு சைக்கிள்களும் ஏறின. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்தபோது, சில இலட்சம் மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்குமாக நகர்ந்தார்கள். நெரிசலில் ஓட்ட முடியாது. சைக்கிள் கைவண்டியானது. கரியரில் அரிசி, பாரில் பிள்ளை, கைபிடியில் வாளி. நடக்க இயலாத முதியவர்களையும் அதிலேயே இருத்தித் தள்ளினார்கள். அன்று ஒரு பின்சில்லு உடைவதென்றால், எதை வீதியோரம் விட்டுச் செல்வது என்று அந்த இடத்திலேயே முடிவெடுப்பதென்று பொருள்.

இதற்கு ஒப்பாக உலகம் அறிந்தது 1954இன் தியன் பியன் பூ. வியட்நாமியர் பிரெஞ்சுத் தயாரிப்பான பேஜோ சைக்கிள்களுக்கு மூங்கில் கட்டி, ஒன்றில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றி, மலைப்பாதையில் தள்ளிச் சென்றனர். பிரெஞ்சுப் படையை வீழ்த்தியதில் அச்சில்லுகளுக்குப் பங்குண்டு என்று நூல்கள் எழுதப்பட்டன. அங்கே சுமந்தது போருக்காக. எங்களவர் சுமந்தது பெரும்பாலும் விறகும் மண்ணெண்ணெயும் மரவள்ளிக்கிழங்கும். ஆகவே நூல் எழுத எவரும் அவசரப்படவில்லைப் போலும்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. பாட்டனின் றலி கொட்டிலுக்குள் போனது. 2022இல் எரிபொருள் வரிசை மைல்கணக்கில் நீண்டபோது பலர் அதை வெளியே எடுத்தார்கள். ரிம்மில் துரு இருந்தது. நாற்பது கம்பியையும் இறுக்கி, புது ரயர் போட்டதும் ஓடியது.