குறைந்த அளவு லித்தியம்: மனநலமும் நினைவாற்றலும்

லித்தியம் பாறையிலும் நீரிலும் இயல்பாகக் காணப்படும் ஓர் உலோகத் தனிமம். இருமுனை மனநோய்க்கு மருந்தாகவும் தரப்படுகிறது. மருத்துவ அளவுக்கு வெகு கீழே உட்கொள்ளப்படும் லித்தியமும் தற்கொலையையும் மறதி நோயையும் குறைக்குமா என்பது 1990 முதல் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது.

அளவுகள்

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனவெழுச்சி நோயாளிகளுக்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டறிந்தார். 300 மி.கி. லித்தியம் கார்பனேட் மாத்திரையில் சுமார் 56 மி.கி. லித்தியம் இருக்கிறது. சிகிச்சையின்போது இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். குடிநீரில் கிடைப்பதோ மைக்ரோகிராம் கணக்கு. நாள்தோறும் மூன்று மாத்திரை எடுப்பவரின் உடலுக்குள் செல்வது, நீர்வழி வழக்கமாகக் கிடைப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

குடிநீர் ஆய்வுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 27 மாவட்டங்களை ஒப்பிட்ட 1990ஆம் ஆண்டு ஆய்வு, நீரில் லித்தியம் கூடுதலான இடங்களில் தற்கொலை குறைவு என்றது. ஜப்பானின் ஒயிட்டா மாகாணத்தில் 2009இல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது. அங்கு லிட்டருக்கு 0.7 முதல் 59 மைக்ரோகிராம் வரை லித்தியம் இருந்தது. கிழக்கு இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

மறதி நோய் குறித்து 2017இல் வந்த டென்மார்க் ஆய்வின் முடிவு நேர்க்கோட்டில் அமையவில்லை. லிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் உள்ள பகுதிகளுடன் ஒப்பிட்டபோது, 15 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட இடங்களில் நோய் 17 விழுக்காடு குறைவு; 5 முதல் 10 வரையுள்ள இடங்களிலோ 22 விழுக்காடு அதிகம்.

மருத்துவச் சோதனைகள்

பிரேசிலில் அல்சைமர் நோயாளிகளுக்கு 15 மாதம் நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் (2013) அவர்களின் அறிதிறன் சரியாமல் நின்றது. வெற்று மருந்து பெற்றவர்களுக்குச் சரிந்தது. லித்தியம் 'ஜிஎஸ்கே-3' என்னும் நொதியைத் தடுக்கிறது. அல்சைமரில் மூளை நரம்பணுக்களுக்குள் டவ் புரதம் சிக்கலாகத் திரள்வதில் இந்த நொதிக்குப் பங்குண்டு. 2025இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், உணவில் லித்தியம் குறைக்கப்பட்ட எலிகளுக்கு நினைவாற்றல் வேகமாகக் குன்றுவதைக் காட்டினர். மனிதரிடம் இது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஜவ்வாது மலைப் பகுதி

இத்தகைய குடிநீர் ஆய்வை ஜவ்வாது மலையில் செய்வது எளிதல்ல. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட இம்மலை கடும்பாறை நிலம். இத்தகைய நிலத்தில் நீரின் தாது அளவு பாறையையும் ஆழத்தையும் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். ஊர்களும் சிறியவை, ஓராண்டில் ஓர் இறப்பு கூடினாலே தற்கொலை விகிதம் தலைகீழாகிவிடும்.

இறப்புக் கணக்கின் நம்பகத்தன்மை இன்னொரு சிக்கல். மலைக்கு வடக்கே, வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளின் காரணத்தைக் குடும்பத்தாரிடம் விசாரித்துப் பதிவு செய்தது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பேருக்குச் சுமார் 95. அரசுப் பதிவுகள் காட்டிய தேசிய விகிதத்தைப் போலப் பல மடங்கு. காவல்துறைப் பதிவை மட்டும் நம்பி நீரையும் தற்கொலையையும் ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். கடன், குடும்பத் தகராறு, குடிப்பழக்கம், கைக்கெட்டும் பூச்சிமருந்து ஆகியவற்றின் பங்கையும் பிரித்தறிய வேண்டும்.

பாதுகாப்பு

சிறிய அளவென்பதாலேயே தீங்கற்றதாகிவிடாது. அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையூரான சான் அந்தோனியோ தே லோஸ் கோப்ரெஸில் குடிநீர் லித்தியம் லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமை எட்டியது. அங்குள்ள பெண்களிடம் தைராய்டுச் சுரப்பு குறைவதற்கும் லித்தியத்துக்கும் தொடர்பு காணப்பட்டது. மருத்துவ அளவில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் ஆகியவை இரத்தத்தில் லித்தியத்தை உயர்த்தும், லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் கைநடுக்கம், வாந்தி, தடுமாற்றம் போன்ற நச்சுக்குறிகள் தோன்றலாம். ஆகவே மருத்துவர் எழுதித்தரும் லித்தியத்துக்குக் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை தேவை. ஆய்வகத்துக்கு மலையிறங்கிச் செல்ல வேண்டிய நோயாளிக்கு, மாத்திரையைப் போலவே அந்தப் பயணத்துக்கான ஏற்பாடும் சிகிச்சையில் அடங்கும்.