பதினைந்து ஆண்டு காத்திருந்த முதல் எண்

மனித தைமஸ் சுரப்பியின் செல்கள்மீது ஒரு புரதம் இருப்பதை 1979-இல் ஆண்ட்ரூ மெக்மைக்கேல், சீசர் மில்ஸ்டீன் முதலானோர் ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு காட்டினார்கள். 1982-இல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் வெள்ளணுக்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு வரிசை எண் போட்டபோது, முதல் எண் அதற்கே கிடைத்தது: சிடி1. பெயர் வந்துவிட்டது, அது செய்யும் வேலை மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களுக்குத் தெரிவதெல்லாம் புரதத் துணுக்குகளே, அவற்றையும் எம்எச்சி மூலக்கூறுகள் ஏந்திக் காட்ட வேண்டும் என்று அப்போது பாடம் நடந்துகொண்டிருந்தது. சிடி1 மரபணுக்களோ எம்எச்சி இருக்கும் 6-ஆம் குரோமோசோமில் இல்லை. 1-ஆம் குரோமோசோமில் தனியே கிடந்தன. போதாக்குறைக்கு, ஆய்வகங்கள் நம்பியிருந்த எலிக்கு சிடி1 குடும்பத்தின் சிடி1ஏ, சிடி1பி, சிடி1சி மூன்றுமே கிடையாது, சிடி1டி மட்டும்தான். மனிதச் செல்களைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வழியில் போனவர்கள் பாஸ்டனில் மைக்கேல் பிரென்னர், ஸ்டீவன் போர்செல்லி குழுவினர். காசநோய்க் கிருமியைச் சிதைத்து எடுத்த கலவையை சிடி1பி காட்டியபோது டி செல்கள் கிளர்ந்தெழுவதை 1992-இல் கண்டார்கள். கலவையில் எது அந்தத் தூண்டுபொருள்? பிரித்துப் பார்த்தால், அது கொழுப்பைக் கரைக்கும் கரைப்பானோடு போய்ச் சேர்ந்தது. 1994-இல் ‘நேச்சர்’ இதழில் விடை வெளியானது: மைக்கோலிக் அமிலம். கிருமியின் மெழுகுச் சுவரில் உள்ள நீண்ட கொழுப்பு. டி செல்லின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான திருத்தம் அதிகமில்லை.

கொழுப்பை டி செல் எப்படி அடையாளம் காண்கிறது? தொழுநோயாளியின் தோல் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு டி செல் வரிசை அதைத் தெளிவாகச் சொன்னது. பிரான்ச் மூடி முதலானோர் 1997-இல் வெளியிட்ட சோதனையில், மைக்கோலிக் அமிலத்தோடு குளுக்கோஸ் சேர்ந்திருந்தால் அந்தச் செல் விழித்தது. குளுக்கோஸுக்குப் பதில் மேனோஸோ கேலக்டோஸோ வைத்தால் அசையவே இல்லை. மூன்றும் ஒரே அணுக்களால் ஆனவை. ஒரு ஹைட்ராக்சில் தொகுதி திரும்பியிருக்கும் பக்கம்தான் வேறு. கொழுப்பின் வாலில் செய்த மாற்றங்களை மட்டும் அது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. வால் சிடி1பி-யின் உட்குழிவுக்குள் புதைந்து, சர்க்கரைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். 2002-இல் வெளியான சிடி1பி-யின் படிக அமைப்பு, அவ்வளவு நீண்ட வாலுக்கும் இடம் தரும் சுரங்கப் பாதைகளை உள்ளே காட்டியது.

தலையைத்தான் டி செல் படிக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியவில்லை. தோலின் இயற்கை எண்ணெய்களில் ஸ்குவாலீன் போன்றவற்றுக்குத் துருத்தும் தலையே இல்லை. அவற்றை ஏந்திய சிடி1ஏ-வையும் சில டி செல்கள் அடையாளம் காண்கின்றன. அங்கே அவை தொடுவது கொழுப்பையல்ல, சிடி1ஏ-வின் மேற்பரப்பையே. குறுக்கே நீட்டி மறிக்காத கொழுப்பு உள்ளே இருந்தால் போதும். சொரியாசிஸ் நோயில் இந்தச் செல்களுக்குள்ள பங்கு இப்போது ஆராயப்படுகிறது.