மணலில் எழுதிய எழுத்தும் மதராஸ் முறையும்

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பயின்றவர்களே. வீட்டுத் திண்ணையிலோ ஊர்ச் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ ஒரே உபாத்தியாயர் நடத்திய அப்பள்ளிகளில், வயதை வைத்துப் பிரிக்கப்பட்ட வகுப்புகள் கிடையா. ஒருவன் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிப் பழகும்போது, அவனுக்கு அருகில் இருப்பவன் ஓலையில் எழுத்தாணி பிடித்திருப்பான். இன்னொருவன் எண்சுவடியிலுள்ள பின்னங்களை, அதாவது 1/320 ஆகிய முந்திரி, 1/80 ஆகிய காணி, 1/20 ஆகிய மா முதலியவற்றை, உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டிருப்பான். ஒரு சுவடி முற்றும் வசப்பட்ட பின்னரே அடுத்த சுவடி தொடங்கப்பட்டமையால், மெல்லக் கற்பவன் பின்தங்கியவனாகக் கருதப்படவில்லை. அம்முறையின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை முறை வைப்பதும், அதாவது முன்பு படித்த பாடத்தை அவன் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வதும் அன்றாட வழக்கம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயரையோ விலங்கின் பெயரையோ சொல்லியனுப்பி, மறவாமல் நினைவில் வைத்திருக்கச் செய்த பழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். எனினும் பிரம்படியும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அதே திண்ணையில்தான் நிகழ்ந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்துப் பள்ளிகள் 12,498. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. இக்குறைகளை மறைத்து அம்முறையைப் புகழ்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிப்பது தென்னிந்தியாவில் நெடுநாளைய வழக்கம். இத்தாலியப் பயணியான பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கேளடி நாயக்கர் நாட்டுப் பயணத்தின்போது, கோயில் முன்மண்டபத்தில் சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே, மணலில் எழுதியும் இசையோடு சொல்லியும் கணக்குப் பயின்றதை வியந்து எழுதினார். இவ்வழக்கத்தை ஐரோப்பாவின் கல்வி முறையாக மாற்றியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியாரான ஆண்ட்ரூ பெல். ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789இல் தொடங்கிய அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக இருந்த அவர், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் இணங்காதபோது, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செம்மையாக நடத்திக் காட்டினான்.

பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையால், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இவ்வழி மதராஸ் முறை எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயக் கல்வியாளர் ஜோசப் லாங்காஸ்டர் இதையொத்த முறையைத் தனியே பரப்பினார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கழகம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளுக்கு உரியதாக்கிக்கொண்டது. ஆனால் கடல் கடந்த அம்முறையின் நோக்கமே மாறிவிட்டது. திண்ணையில் சட்டாம்பிள்ளை உபாத்தியாயருக்குத் துணை மட்டுமே. ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை கற்றான் என்பதை அறிந்திருந்தவர் உபாத்தியாயர். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்திலோ, நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கற்பிக்கும் சிக்கனமே பெரிதாக மதிக்கப்பட்டது. தான் நேற்றுக் கற்றதை இன்று ஒப்பிக்கும் சிறுவனிடம், மற்றொரு பிள்ளை ஏன் தவறுகிறான் எனக் கண்டறியும் திறனை எதிர்பார்க்க இயலாது. இக்குறை வெளிப்பட்ட பின், பதின்மூன்று வயது நிறைந்தவர்களை ஐந்தாண்டுப் பயிற்சிக்கு அமர்த்தும் மாணவ ஆசிரியர் திட்டத்தை 1846இல் பிரித்தானிய அரசு கொண்டுவந்தது. அத்திட்டத்தின்படி அவர்களுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் பொறுப்பு தலைமையாசிரியரைச் சேர்ந்தது.