துண்டும் சூளையும்: லினக்ஸ் கெர்னலில் வன்பொருள் முன்பதிவு மோதல்

விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் சன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். அதற்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. ஆனாலும் அந்த இருக்கையில் வேறொருவர் உட்காரமாட்டார். துண்டின் பொருள் எல்லாருக்கும் தெரியும். லினக்ஸ் கெர்னல் வன்பொருளுக்கு வைத்திருக்கும் முன்பதிவும் இந்த வகைதான். ஒரு கருவியை இயக்கும் நிரலான டிரைவர் தனக்கு வேண்டிய போர்ட் முகவரிகளை ‘ரிக்வெஸ்ட் ரீஜன்’ என்ற அழைப்பால் கேட்கும். கெர்னல் தன் பேரேட்டைப் பார்த்து, காலியாக இருந்தால் பெயர் எழுதிக்கொள்ளும். வேறு பெயர் இருந்தால் மறுத்துவிடும். அவ்வளவுதான். கேட்காமலே போர்ட்டைத் தொடும் நிரலின் கையைப் பிடிக்க அந்தப் பேரேட்டால் முடியாது.

முன்பு இது இரண்டு படியாக நடந்தது: முதலில் ‘செக் ரீஜன்’ கொண்டு காலியா என்று பார்ப்பது, பிறகு பதிவது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு டிரைவர் புகுந்துவிடலாம் என்பதால் முதல் அழைப்பே பின்னாளில் நீக்கப்பட்டது.

இடத்துக்கான சண்டை பழையது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இன்டரப்ட் தடங்கள் 15 மட்டுமே. இரண்டு அட்டைகள் ஒரே தடத்தைக் கேட்டால் ஜம்பரைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. பிசிஐ வந்து தடத்தைப் பகிர வழிசெய்தபின் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது. இன்று மிஞ்சியிருக்கும் மோதல் வேறு வகையானது. துண்டு போட்டுத் தீர்க்க முடியாதது.

மதர்போர்டில் வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் அளக்கும் சிப்பை எடுத்துக்கொள்வோம். பல பலகைகளில் அதன் வாசல் இரண்டே போர்ட்டுகள்: பதினறும எண்முறையில் 295, 296. எந்தப் பதிவகம் வேண்டும் என்ற எண்ணை 295-இல் எழுத வேண்டும். அதன் மதிப்பை 296-இல் படிக்கவோ எழுதவோ வேண்டும். டிரைவர் 295-இல் எண்ணை எழுதிவிட்டது. அடுத்த படிக்கு முன், பலகையோடு வரும் ஏசிபிஐ ஃபர்ம்வேர் நிரல் ஓடி, அதே 295-இல் தன் எண்ணை எழுதுகிறது. இப்போது டிரைவர் 296-இல் படிப்பது வேறொன்றின் மதிப்பு. விசிறிக்கென்று எழுதிய வேகம் வேறு பதிவகத்தில் போய் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இதற்காகவே 2009-இல் வெளியான 2.6.31 கெர்னல் முதல் ‘ஸ்ட்ரிக்ட்’ முறை இயல்பாயிற்று: ஏசிபிஐ தனதென்று அறிவித்த முகவரியை டிரைவருக்குத் தர மறுப்பது. நேற்றுவரை விசிறி வேகம் காட்டிய கணினிகள் திடீரென்று காட்டவில்லை. உடனே ஒரு வைத்தியம் பரவியது: கெர்னலின் துவக்க வரியில் இந்த முறையை ‘லாக்ஸ்’ என்று மாற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும். உண்மையில் எதுவும் சரியாவதில்லை. கெர்னல் எச்சரித்துவிட்டு வழிவிடுகிறது; மோதல் அப்படியே இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் லாக்ஸ் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஃபர்ம்வேர் அந்தச் சிப்பை எப்போதோ ஒருமுறைதான் தொடக்கூடும். டிரைவரின் இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மிகச் சிறியது. மோதல் அரிது என்பதாலேயே அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். சில பலகைகளில் ஃபர்ம்வேர் முகவரியை அறிவித்துவிட்டு ஒருநாளும் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. அங்கே லாக்ஸால் கேடில்லை. ஆனால் அதை ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துப் படித்துத்தான் சொல்ல முடியும்.

செராமிக் ஊரான விருத்தாசலத்தில் இந்தச் சிக்கலைச் சூளையை வைத்து விளக்கலாம். ஒரே சூளையில் இருவர் சரக்கு ஏறினால் தட்டுகளில் இடம் பிரித்துக் கொடுப்பது எளிது. தீயைப் பிரிக்க முடியாது. மண் பொம்மை ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸிலேயே வெந்துவிடும். மின்கம்பத்துக்குப் போகும் பீங்கான் இன்சுலேட்டருக்கு 1,200-க்கு மேல் வேண்டும். இடம் பிரித்தாயிற்றே என்று இருவரையும் தீயில் கைவைக்க விட்டால் இரண்டு சரக்கும் பாழ். தீ ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அடுத்தவர் தன் தேவையை அவரிடம் சொல்ல வேண்டும்.

கெர்னலும் இந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2010-இல் சேர்ந்த ‘மக்ஸ்டு’ முன்பதிவு, முகவரி கைமாறும்வரை டிரைவரை வரிசையில் காத்திருக்க வைக்கிறது. கெர்னலுக்குள் இருப்பவர்களுக்கு இது போதும். ஃபர்ம்வேர் அந்த வரிசையில் நிற்பதில்லை. 2022-இல் வந்த 5.17 கெர்னலின் வழி இன்னும் நேரானது: அசுஸ் பலகைகள் சிலவற்றில் நுவோட்டான் சிப்புக்கான டிரைவர் போர்ட்டைத் தொடுவதே இல்லை; படித்துத் தரும்படி ஃபர்ம்வேரையே டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் வழியாகக் கேட்கிறது. மோதலின் சரியான தீர்வு இதுவே.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. அப்படி லினக்ஸைத் தொட்டவர்கள் தமிழகத்தில் ஏராளம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏசிபிஐ மோதல் என்று கணினி சொன்னால், முதலில் ‘ப்ராக்’ கோப்பகத்தின் ‘ஐஓபோர்ட்ஸ்’ கோப்பைத் திறந்து அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் பலகைக்கு ஃபர்ம்வேர் வழியாகக் கேட்கும் டிரைவர் வந்துவிட்டதா என்று தேடுங்கள். அதற்கு முன் துவக்க வரியில் கைவைக்க வேண்டாம்.