அம்மாவின் ஹோல்டால்

அதை வாங்கியது மூர் மார்க்கெட்டில், 1966ல். கல்யாணமான கையோடு அம்மாவை டெல்லிக்கு ரயிலேற்றிவிட வந்த தாத்தா, சென்ட்ரலில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, "இரும்மா, இதோ வந்துடறேன்" என்று பக்கத்து மார்க்கெட்டுக்குள் போனாராம். திரும்பி வரும்போது தோளில் சுருட்டிய கித்தான். பாட்டி தன் பவானி ஜமக்காளத்தை அதில் விரித்து, தலையணை ஒன்றைத் திணித்து, பிளாட்பாரத்திலேயே சுருட்டிக் கட்டிக் கொடுத்தாள். "ரெண்டு ராத்திரி பலகையில படுக்கணும், இடுப்பு என்னாகும்?" என்பதுதான் தாத்தாவின் கவலை.

ஹோல்டாலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆள் நீளத்துக்குப் பச்சையும் காக்கியும் கலந்த முரட்டுக் கித்தான். இரண்டு முனையிலும் பெரிய பை, ஒன்று தலையணைக்கு, இன்னொன்று செருப்புக்கும் சில்லறைச் சாமானுக்கும். நடுவில் படுக்கை, துணிமணி. இரு பக்கமும் மடிப்பு விழுந்து மூடும். பிறகு உருட்டி, இரண்டு தோல் வாரால் இறுக்க வேண்டும். இறுக்குவது ஓர் ஆள் வேலை இல்லை. அப்பா முழங்காலால் அழுத்துவார், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாரை இழுப்பாள், பக்கிள் கடைசி ஓட்டைக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடும். அப்போது நானும் தம்பியும் மேலே ஏறி உட்கார வேண்டும். விடுமுறை தொடங்கிவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அடையாளம்.

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அது டெல்லிக்கு வந்து சேர்ந்தது. 1929ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில். எங்கள் காலத்தில் டெல்லித் தமிழர்களுக்கு அது வெறும் 'ஜி.டி.' வந்து இறங்கிய இடம் புசா ரோடு. அந்தப் பெயரும் ரயிலேறி வந்ததுதான். 1905ல் பிகாரில் புசா என்ற ஊரில் ஏற்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்துபோக, 1936ல் டெல்லிக்குக் குடிவந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. சாலைக்கு ஒரு பக்கம் கரோல்பாக். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இந்தச் சாலையிலேயே இருக்கிறது. காபிப்பொடிக்கும் அப்பளத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் நடந்து போனால் போதும். கடல் ஒன்றுதான் கிடையாது. எந்தத் திசையில் போனாலும் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் இருந்தால்தான் கடல்.

அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. 1956 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஊழியருக்கு எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகை வந்தது: இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு சொந்த ஊர் போய்வரக் கட்டணம். கட்டணம் மட்டும். சாப்பாடும் தங்குமிடமும் அவரவர் பாடு. டெல்லியில் தமிழ்க் குடும்பங்கள் வேர் அறாமல் இருந்ததற்கு அந்த உத்தரவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அது இல்லையென்றால் குமாஸ்தா சம்பளத்தில் நாலு பேர் சென்னை போய்வருவது நடக்கிற காரியமா? சர்க்கார் தராத மிச்சம் எல்லாம் ஹோல்டாலில் போனது. அதாவது அம்மாவின் தலையில்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவள் தூங்கினதே இல்லை. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டாம் நாளுக்குப் புளியோதரை, பால் ஊற்றி உறை தெளித்த தயிர்சாதம், அதற்கப்புறம் கெடாத சப்பாத்தி. தட்டு, டம்ளர், கூஜா. அத்தை பெண்களுக்குக் கரோல்பாக்கில் வாங்கிய துணி. ஜான்சி, போபால், இட்டார்ஸி, நாக்பூர் என்று ரயில் போகும். எங்கள் கணக்கில் அவை ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிகிற இடங்கள். 1974ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள், பலகை மட்டும் அப்படியே இருந்தது. ராத்திரி அதன் மேல் ஹோல்டால் விரியும். நானும் தம்பியும் அதில் கால்மாடு தலைமாடாகப் படுப்போம். அம்மாவுக்கு எதிர்ப் பலகையில் ஒரு புடவை விரிப்பு. தாத்தா யார் இடுப்பை நினைத்து அதை வாங்கினார் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சென்னையில் திருவல்லிக்கேணி அத்தை வீடு. மொட்டைமாடியில் ஹோல்டால் மறுபடி விரியும், இந்தத் தடவை ஆறு குழந்தைகளுக்கு. சாயங்காலம் ஆனால் மெரினா. சுண்டல், பட்டம், அலையில் கால் நனைப்பது, இருட்டினதும் வீடு. ஒரு மாதத்தில் இருபது தடவையாவது போயிருப்போம். அம்மா வந்தது இரண்டு மூன்று தடவை இருக்கும். பதினாலு பேருக்குச் சமையல் நடக்கிற வீட்டில் மருமகள் சாயங்காலம் கடற்கரைக்குப் போய் உட்கார முடியாது. வந்த அன்றைக்கும் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, இரண்டு அலை வாங்கிக்கொண்டு, "போலாமா? உலை வெக்கணும்" என்பாள்.

ஊர் திரும்பினால் முதல் வேலை ஹோல்டாலை மாடிச் சுவரில் போட்டுப் பிரம்பால் அடிப்பது. செருப்புப் பையிலிருந்து மணல் கொட்டும். பழுப்பு மணல், ஈரம் காயாத வாசனை. தம்பி அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பான்.

எல்.டி.சி.யில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சொந்த ஊருக்குப் பதில் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 1982ல் அப்பா கன்னியாகுமரி என்றார். சென்னை வந்து, எழும்பூரில் மாறி, திருநெல்வேலி வரை ரயில், பிறகு பஸ். இந்தத் தடவை உறவுக்காரர் வீடு கிடையாது, லாட்ஜ். அதனால் செருப்புப் பையில் செருப்புக்குப் பதில் மண்ணெண்ணெய் ஸ்டவ், எண்ணெய் ஊற்றாமல், பழைய வேஷ்டியில் சுற்றி. நடுவில் அரிசி, பருப்பு, ரசப்பொடி. முக்கடல், விவேகானந்தர் பாறைக்குப் படகு, கலர் கலராகப் பொட்டலம் கட்டி விற்கும் மணல். சூரியோதயம் பார்க்க அப்பா எங்களை அஞ்சு மணிக்கே எழுப்பிக் கூட்டிப் போனார். ஒரு போட்டோ இருக்கிறது: அப்பா, நான், தம்பி, பின்னால் கடல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்று பேரும். நாங்கள் சின்ன வயதில் போன உல்லாசப் பயணம் என்று என் பிள்ளைகளுக்கு நான் காட்டி வந்த படம் அது.

அதற்குப் பிறகு ஹோல்டாலுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. அதன் முதல் எதிரி ஒரு நல்ல மனிதர். ரயில்வே மந்திரியாக இருந்த மது தண்டவதே, ஏழைகள் படுக்கிற பலகைக்கு இரண்டு அங்குல மெத்தை போடச் சொன்னார். 1977 டிசம்பரில் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸோடு அது தொடங்கி, மெல்ல மெல்ல மற்ற ரயில்களுக்கும் வந்தது. இந்திய ரயிலில் யாராவது ஒருவருக்குச் சிலை வைக்கலாம் என்றால் நான் அவருக்குத்தான் வைப்பேன். 1993ல் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி வந்தது, கம்பளியும் வெள்ளைத் துப்பட்டியும் ரயிலே கொடுத்தது. கரோல்பாக் கடைகளில் சக்கரம் வைத்த சூட்கேஸ் தொங்கியது. ஹோல்டால் பரணுக்குப் போயிற்று. 2005 கடைசி நாளில் புசா ரோட்டின் தலைக்கு மேல் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது அது அங்கேதான் கிடந்தது. அப்புறம் வீட்டை இடித்துக் கட்டினோம். பழைய சாமான் எடுக்க வந்த கபாடிவாலாவின் தராசில் அது ஏறிவிட்டது. அம்மா படியிறங்கி வந்து, தராசிலிருந்து எடுத்து, ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோனாள். அடுத்த வாரம் அஜ்மல் கான் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தாள். நைந்த நடுப்பகுதியைத் தள்ளிவிட்டு, இரண்டு முனைப் பைகளையும் சேர்த்து, பழைய தோல் வாரையே பிடியாக வைத்து, ஒரு தோள்பை. கத்தரி போட்டபோது தையலுக்குள்ளிருந்து மணல் வந்ததாம். "மாஜி, இந்தத் துணி இப்ப கிடைக்காது" என்றாராம் அவர். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அப்பா போனபின் அவள் எங்கும் போகவில்லை. 2019ல் என் மகள் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டைப் பதிவு செய்தாள். நாலு நாள், 'ஆல் இன்க்ளூசிவ்'. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிக்கிற தண்ணீர் முதல் படகு வரை எல்லாம் முன்பணத்திலேயே அடக்கம். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதும், "ஹோல்டால்னு சொல்லு" என்றாள். நாற்பது வருஷம் அந்தச் சொல்லைப் புழங்கியும், அதற்கு அர்த்தம் அதுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கும் கித்தானுக்கும் உறவு உண்டு. 1950ல் பெல்ஜியம் நாட்டு வாட்டர் போலோ வீரர் ஜெரார் பிளிட்ஸ், மஜோர்க்கா தீவின் அல்குடியா கடற்கரையில் கூடாரம் அடித்து 'கிளப் மெடிட்டரேனி'யைத் தொடங்கினார். போரில் மிஞ்சிய ராணுவக் கூடாரங்கள் அவை. போருக்குப் பின் களைத்துக் கிடந்த குடும்பங்கள் ஒரு தொகையைக் கட்டிவிட்டுச் சமையல் கவலை, பணக் கவலை இல்லாமல் வெயிலில் கிடக்கட்டும் என்பதுதான் திட்டம். பிற்பாடு அங்கே குடிபானத்துக்குக் காசுக்குப் பதில் கழுத்துமணி கொடுத்தார்கள். இன்றைய கைப்பட்டைக்கு அதுவே முன்னோடி. மாலத்தீவில் முதல் ரிசார்ட்டான குரும்பா 1972ல்தான் திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். தீவில் விளைவது சொற்பம். அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை என்று பலதும் 1981 ஒப்பந்தப்படி இந்தியாவிலிருந்து போகின்றன. தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலமாக அந்தக் கடலைத் தாண்டிச் சாமான் கொண்டுபோகின்றன. எல்லாம் அடக்கம் என்றால், யாரோ எங்கிருந்தோ சுமந்து வந்தது என்று அர்த்தம்.

அம்மா அந்தத் தோள்பையில் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், தட்டை, காபிப்பொடி, தன் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வைத்திருந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்." ரிசார்ட்டில் கையில் பட்டை கட்டினதும், "காப்புக் கட்டியாச்சு, இனி ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது" என்றாள். முதல் நாள் சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எங்கே கழுவுவது என்று பார்த்தாள். பரிமாறின பையன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையில் அறை சுத்தம் செய்ய வருகிறவன் வங்கதேசத்துக்காரன். அவன் வருவதற்குள் படுக்கையை மடித்து வைத்துவிடுவாள். ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று தன் டெல்லி இந்தியில் கேட்டாள். இரண்டு வருஷம் என்றான். அன்றைக்குத் தட்டைப் பொட்டலம் அவன் கைக்குப் போனது.

இரண்டாம் நாள் விடிகாலை கண் விழித்தபோது அவள் படுக்கை காலி. பதறிப்போய் வெளியே ஓடினேன். கிழக்குப் பக்கக் கரையில் தனியாக, தோள்பையைத் தரையில் தட்டையாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சூரியன் அப்போதுதான் தண்ணீரிலிருந்து வெளியே வந்திருந்தது. "கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"கன்னியாகுமரியில நான் பாக்கலை. நீங்கள்லாம் போனீங்க. திரும்பி வந்ததும் பசிக்கும்னு இட்லிக்கு வெச்சேன். அந்த ரூமுக்குக் கிழக்கால ஜன்னல் இல்லை."

முப்பத்தேழு வருஷம் நான் காட்டி வந்த போட்டோவில் அம்மா இல்லை. படம் எடுத்தது அம்மா என்று நான் நினைத்திருந்தேன். அது யாரோ வழியில் போன போட்டோக்காரர் எடுத்து, காசு வாங்கிக்கொண்டு, தபாலில் அனுப்பிய படம்.

அவள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் சுடத் தொடங்கும் வரை, டிபன் நேரம் முடியப் போகிறது என்று மகள் வந்து கூப்பிடும் வரை இருந்தோம். எழுபத்துமூன்று வயதில் என் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் எதையும் அடுப்பில் வைக்காமல், ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பழைய ரயில் பயணங்களைப் பற்றி ஏக்கமாக எழுதுகிற கட்டுரைகளை நானும் விரும்பிப் படிப்பவள்தான். இப்போது அவற்றில் புளியோதரை வாசனை வந்தாலே, முந்தின ராத்திரி தூங்காதவர் யார் என்று தேடுகிறேன்.

புளிக்காய்ச்சல் பாட்டில் மூடி திறக்காமலே புசா ரோடு திரும்பியது. மறுநாள் காலை அம்மா தோள்பையை பால்கனிக் கம்பியில் மாட்டி, பழைய பிரம்பு இல்லாததால் தோசைத் திருப்பியால் அடித்தாள். எதிரே மெட்ரோ போயிற்று. தோல் வார் தைத்த மடிப்பிலிருந்து கொஞ்சம் வெள்ளை மணல் உதிர்ந்தது. அந்தத் தீவுகளின் மணலில் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளப்பாறையை மென்று கழித்த பொடி என்று மகள் சொன்னாள். அம்மா குனிந்து விரலில் தொட்டுப் பார்த்தாள். "நம்ம மெரினா மணலும் ரெண்டு இருக்கு பாரு" என்றாள். இருந்தது, பழுப்பாக.