இரட்டுற மொழிந்த சமாதானம்

ஆங்கிலத்தில் 'தி' என்றொரு சிறு சுட்டுச்சொல் உண்டு. தமிழில் அதற்கு நேரான உறுப்பு இல்லை. வேண்டும்போது 'அந்த' என்று சொல்லி நிறைவு காண்பது நம் மொழியின் வழக்கம். அத்தனைச் சிறிய சொல்லொன்று எழுதப்படாமல் விடப்பட்டதன் மேல் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஒரு வழக்கு ஓயவில்லை.

1967 ஜூன் மாதத்தில் ஆறே நாள் நடந்த போரில் இஸ்ரேல், எகிப்தின் வசமிருந்த சினாய் தீபகற்பத்தையும் காசாவையும், ஜோர்தானின் வசமிருந்த மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும், சிரியாவின் கோலான் குன்றுகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தனது 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிற்று. அதை முன்மொழிந்தவர் பிரிட்டனின் தூதர் கேரடன் பிரபு. அண்மைப் போரில் பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படை விலக வேண்டும், அவ்வட்டாரத்து நாடுகள் அனைத்தும் அச்சமின்றி வாழ வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கில வாசகத்தில் 'நிலப்பகுதிகள்' என்பதன் முன்னே சுட்டு இல்லை. ஆகவே பிடித்த நிலம் முழுவதையும் அது குறிக்காது என்றது இஸ்ரேல். பிரெஞ்சு வாசகத்திலோ அம்மொழியின் இயல்புப்படி சுட்டு வந்து அமர்ந்துகொண்டது. பிரெஞ்சும் ஐ.நா.வின் அலுவல் மொழியே. ஆகவே முழு நிலமும் என்றனர் அரபு நாட்டார்.

கை தவறி விடுபட்ட சொல்லன்று அது. சேர்த்திருந்தால் ஒரு சாரார் ஒப்பியிருக்க மாட்டார். 'முழுவதும் அன்று' என்று வெளிப்பட எழுதியிருந்தால் மறு சாரார் எழுந்து போயிருப்பர். பாலஸ்தீனர் என்ற பெயரும் தீர்மானத்தில் எங்கும் இல்லை. 'அகதிகள் பிரச்சினை' என்ற தொடருக்குள் ஒரு மக்களினம் அடங்கிப்போயிற்று.

செய்யுளில் இரட்டுற மொழிதல் புலவனின் திறம். கேட்போர் இரு பொருளையும் ஒருங்கே கண்டு மகிழ்வர். உடன்படிக்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. கையெழுத்திடுவோர் தத்தமக்கு உகந்த பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவர்.

சொல்லுக்கு மட்டுமன்று, கோட்டுக்கும் இக்கதி முன்பே நேர்ந்திருந்தது. 1948 நவம்பர் இறுதியில் ஜெருசலேமில் போர்நிறுத்த எல்லையைக் குறிக்க அமர்ந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் அரபுத் தளபதி அப்துல்லா அல்-தெல்லும் ஒரு வரைபடத்தின் மீது மெழுகுப் பென்சிலால் கோடிட்டனர். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்களவு தடித்த கோடு. ஆனால் படத்தின் அளவையோ 20,000க்கு ஒன்று. தாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் என்பது தரையில் 60 முதல் 80 மீட்டர் ஆயிற்று. கோட்டின் தடிப்புக்குள் வீடுகள் இருந்தன, தெருக்கள் இருந்தன. அவை யாருக்குரியவை என்பது பின்னர் நெடிய பூசலாயிற்று.

1977 நவம்பரில் எகிப்தின் அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேமுக்கே பறந்து சென்று இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசினார். மறு ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க அதிபர் கார்ட்டரின் முன்னிலையில், கேம்ப் டேவிட் மலைக்குடிலில் அவரும் இஸ்ரேலியப் பிரதமர் பெகினும் பதின்மூன்று நாள் வாதாடினர். விளைந்தவை இரண்டு ஆவணங்கள். எகிப்தைப் பற்றியது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. அதன்படி 1979இல் உடன்படிக்கை ஆயிற்று, 1982 ஏப்ரலில் சினாய் திரும்பிற்று. தாபா என்ற சிறு கடற்கரைத் துண்டு பற்றி எழுந்த வழக்கும் நடுவர் மன்றத்தில் தீர்ந்து 1989இல் எகிப்திடம் சேர்ந்தது. சதாத் 1981இல் தம் படைவீரராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் அவ்வுடன்படிக்கை முறியவில்லை. மற்றோர் ஆவணம் மேற்குக் கரையும் காசாவும் பற்றியது. 'பாலஸ்தீன மக்கள்' என்ற தொடர் அதில் இடம்பெற்றது. ஆனால் அச்சொல்லைத் தாம் 'பாலஸ்தீன அரபுகள்' என்றும், 'மேற்குக் கரை' என்பதை 'யூதேயா, சமாரியா' என்றும் கொள்வதாகப் பெகின் அறிவித்தார்; அதைக் குறித்துக்கொண்டதாகக் கார்ட்டர் கடிதம் எழுதினார். கையெழுத்தின் மை உலருமுன்பே ஒரு வாசகத்துக்கு இரண்டு அகராதிகள் தோன்றிவிட்டன. இந்த ஆவணம் ஏட்டோடு நின்றது.

நார்வேயில் மறைவாகப் பேசி முடித்து, 1993 செப்டம்பர் 13ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான ஆஸ்லோ உடன்பாடும் இவ்வழியிலேயே சென்றது. யாசர் அராபத்தின் கடிதம் இஸ்ரேல் நிலைபெற்று வாழும் உரிமையை ஏற்றது. இஸ்ரேலியப் பிரதமர் ராபினின் கடிதம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக மட்டுமே ஏற்றது. பாலஸ்தீன அரசு என்ற சொல் எங்குமில்லை. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாம் பின்னைக்கு வைக்கப்பட்டன.

இவ்விடைவெளியை முதலில் கண்டு விலகியோருள் ஒரு கவிஞர் இருந்தார். மஹ்மூத் தர்வீஷ் 1988இல் பாலஸ்தீன விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர். 1948இல் அழிந்த அல்-பிர்வா கிராமத்தில் பிறந்தவர். ஆஸ்லோவை ஏற்க இயலாமல் விடுதலை இயக்கத்தின் செயற்குழுவிலிருந்து அவர் வெளியேறினார். மறுபுறத்தே, 1994இல் நோபல் பரிசு ஏற்றுப் பேசிய ராபின், அவையில் அமர்ந்திருந்த எபிரேயக் கவிஞர் யெஹூதா அமிகாயின் வரிகளைத் தம் உரையில் எடுத்தாண்டார். ஒரே உடன்பாடு ஒரு கவிஞரை விருந்தினராக்கிற்று, மற்றொருவரைப் பதவி துறக்கச் செய்தது.

அதற்குள்ளாகவே குருதி சிந்தத் தொடங்கியிருந்தது. 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் தொழுகையிலிருந்த 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். ஏப்ரலில் ஹமாஸ் இயக்கத்தின் தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலில் வெடித்தன. 1995 நவம்பர் 4ஆம் நாள் டெல் அவீவில் சமாதானக் கூட்டத்தில் பாடிவிட்டு இறங்கிய ராபின் யூதத் தீவிரவாதி ஒருவனின் குண்டுக்கு இரையானார். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பாட்டுத் தாள் இரத்தத்தில் நனைந்திருந்தது.

பின்னைக்கு வைத்தவற்றை 2000 ஜூலையில் மீண்டும் கேம்ப் டேவிட்டில் எடுத்துப் பேசினர், தீரவில்லை. 1967இன் எல்லைக்கு இஸ்ரேல் திரும்புமாயின் முழு நல்லுறவு என்று 2002 மார்ச்சில் பெய்ரூட்டில் கூடிய அரபு நாடுகள் சொல்லிய சொல் தெளிவானதே. அதற்குச் செவி கொடுப்பார் இல்லை. 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். தொடர்ந்த போரில் காசாவில் பல பதினாயிரவர் மாண்டனர். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. நவம்பர் 17ஆம் நாள் பாதுகாப்பு மன்றம் 2803ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதில் பாலஸ்தீன அரசு என்ற சொல் உண்டு. சீர்திருத்தங்கள் செவ்வனே நடந்து, காசாவின் மறுசீரமைப்பும் முன்னேறிய பின்னர், அதை நோக்கிய நம்பத்தக்க பாதைக்கான சூழல் அமையக்கூடும் என்கிறது அவ்வாசகம். ஆங்கிலத்தில் அந்தக் 'கூடும்' என்பதும் மூன்றே எழுத்துச் சொல்தான்.